பன்றிக்குப் போன உப்புமா

பகல் பன்னிரண்டு பத்துக்கு அண்டாவின் மூடியைத் திறந்தோம். முதலில் தெரிந்தது ஆவி. அது விலகியதும் மஞ்சள் நிறம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமா. கடுகு கிடையாது, வெங்காயம் என்றைக்காவது. அதில் ஊற்றிய எண்ணெய்க்கு ஒரு தனி வாசனை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்த வாசனையை நான் எங்கும் முகர்ந்ததில்லை. வேப்பமரத்தடியில் நாற்பத்திரண்டு பேர் அலுமினியத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கரண்டி என் கையில் இருந்தது. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

அன்றைக்கு நான் செய்த காரியத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கான காரணம் ஆடி மாதத்திலேயே, இரண்டு வெள்ளைப் பன்றிக்குட்டிகளாக, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாக எங்களுக்கு முப்பது சென்ட் நிலம் இருந்தது. அது எங்களுக்குச் சோறு போடாது. படுக்க இடம் கொடுத்தது. அப்பா ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் வேலைக்கு இருந்தார். அதற்கு முன்னால் தாத்தாவும் அங்கேதான். அந்த வேலைக்கு நேரம் கிடையாது, கூப்பிட்ட நேரம்தான். கால்நடை ஆஸ்பத்திரி ஆபீசர் ஒருவர் வந்து, சீமைப் பன்றி வளர்க்க ஆள் தேடுவதாகச் சொன்னபோது அப்பா யோசிக்காமல் கை தூக்கினார். ஓர் ஆண், ஒரு பெண். கிறிஸ்துமஸுக்குள் நன்றாக வளர்த்துக் காட்டினால் இரண்டும் எங்களுக்குச் சொந்தம். இளைத்துப்போனால் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பா நிலக்காரரிடம் போய் இனி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நிலக்காரர் கோபப்படவில்லையாம். சிரித்தாராம். “மேய்ச்சுட்டு வாடா. எங்க போயிடப் போற, இங்கதான வரணும்” என்றாராம்.

நாட்டுப் பன்றி கறுப்பு. தெருவில் திரிந்து தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். இவை அப்படியில்லை. காது விறைத்து நிற்கும். வெயிலில் நின்றால் தோல் சிவந்துபோகும். கொட்டகைக்குள் வைத்து, வேளாவேளைக்கு நாம்தான் போட வேண்டும். என்ன போட வேண்டும் என்று ஆபீசர் ஒரு தாள் கொடுத்திருந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படித்தேன்: சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், உப்பு.

“கருவாடா?” என்றாள் அம்மா. “நமக்கே ஞாயித்திக்கிழமதான். இன்னாயா இது, பன்னியா, மாப்பிள்ளையா?”

“கல்யாணம் பண்ணாத வந்த மாப்பிள்ளைன்னு நென்ச்சுக்கோ” என்றார் அப்பா. அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

முதல் இரண்டு மாதம் சமாளித்தோம். ரைஸ்மில்லில் கூட்டி ஒதுக்கிய தவிட்டை அப்பா கொண்டுவந்தார். அம்மா பானையோடு தெருத்தெருவாகப் போய் அரிசி களைந்த தண்ணீர் வாங்கி வந்தாள். குட்டிகள் வளர்ந்தன, அவற்றைவிட வேகமாக அவற்றின் பசி வளர்ந்தது. புரட்டாசியில் எங்கள் வெள்ளாடு தவிட்டு மூட்டைகளாக மாறியது. அந்த மூட்டைகளும் தீர்ந்ததும்தான் அப்பா பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவைப் போய்ப் பார்த்தார்.

அரசாங்கம் மாவு அனுப்பியது, எண்ணெய் அனுப்பியது. விறகுக்கு அந்தம்மா அன்றாடம் அலைய வேண்டியிருந்தது. வாரம் ஒரு கட்டு வேலிக்காத்தான் விறகு அப்பா வெட்டிப் போடுவது. தட்டுகளிலும் அண்டாவிலும் மிஞ்சுவதை நான் வாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவது. “காக்காக்குக் கொட்டறத உங்க பன்னி துன்னா எனக்கு இன்னா போச்சு” என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று முதல் வாளி என் கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பையன்கள் சும்மா விடவில்லை. நான் வாசலில் நுழைந்ததும், “ஏய், உங்க வூட்டு மாப்பிள்ளைங்க சாப்ட்டாங்களாடி?” என்பார்கள். அம்மா சொன்னது எப்படி இவர்கள் காது வரைக்கும் வந்தது என்று வியந்திருக்கிறேன். சொன்னவள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் மழை பொய்த்தது. நடவு இல்லை, நடவு இல்லாததால் கூலி இல்லை. முன்பெல்லாம் பாதித் தட்டில் எழுந்துபோன பிள்ளைகள் இப்போது தட்டை விரலால் வழித்தார்கள். வாளியில் அடி மறையும் அளவுக்குக்கூட விழவில்லை. நான் வெறும் வாளியோடு வீடு திரும்பினால் பன்றிகள் கொட்டகைக் கம்பைக் கடிக்கும். அந்தச் சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும்.

ஆபீசர் வந்து நாடாவால் அவற்றின் மார்பைச் சுற்றி அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

“இன்னாப்பா, எலும்பா இருக்குது ரெண்டும்? கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்றர மாசந்தான். தேறலன்னா நான் எட்த்துக்கினு போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத.”

மறுநாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போனார், சீக்கிரமே திரும்பினார். அம்மா கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“அந்த வூட்டுக்குத்தான போன?”

“உள்ள போகல. தூரத்துல நின்னுட்டு வந்துட்டேன்.”

“நிக்கவும் வாணாம்யா. நான் பட்டினி கெடக்கறேன். நீ அங்க போய் நிக்காத.”

எனக்கு அப்போது புரிந்தது ஒன்றே ஒன்று: பன்றிகள் கொழுத்தால் அப்பா அங்கே போக வேண்டியதில்லை.

அடுத்த வாரம் சமையல்காரம்மாவின் வலது கையில் உலைத் தண்ணீர் கொட்டி வெந்துவிட்டது. கை ஆறும்வரை பரிமாறுவதற்கு ஆள் வேண்டும் என்று டீச்சர் எங்கள் வகுப்புக்கு வந்தார். நான்தான் உயரம். “பன்னிக்காரி கையிலயா?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. கரண்டியை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். அவ்வளவு பெருமை.

குவித்து எடுத்தால் அது ஒரு கரண்டி. அதையே அண்டாவின் விளிம்பில் ஒரு தடவை வழித்துவிட்டால் அதுவும் ஒரு கரண்டிதான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு தட்டில் அது தெரியவே தெரியாது. நாற்பத்திரண்டு தட்டுகள் முடிந்தபோது அண்டாவுக்குள் அரை வாளி உப்புமா மிச்சம் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வாளியைப் பார்த்தார்.

“பசங்க துன்னலியாம்மா?”

“மிச்சம்பா.”

வாளியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியில் கவிழ்த்தார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தி வழித்தேன்.

அஞ்சலை என் வகுப்பில்தான் படித்தாள். அவளுடைய அம்மா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் சுற்றுகிற வேலைக்குப் போனாள். அப்பாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அஞ்சலை ஒருநாளும் ஒரு கரண்டியோடு நிறுத்தியதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு தட்டோடு அண்டாவிடம் வந்து நிற்பாள். சமையல்காரம்மாவும் ஒன்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டுவிடுவார். கரண்டி என் கைக்கு வந்த பிறகும் முதல் சில நாள் நானும் அப்படியே போட்டேன். அதை வாங்கிக்கொண்டு அவள் சமையல் கொட்டகைக்குப் பின்பக்கம் போவாள். ஒருநாள் நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். பால்பவுடர் டப்பா ஒன்றில் உப்புமாவைத் தள்ளி, மூடி போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருக்குடி?” என்றேன்.

அவள் டப்பாவைப் பாவாடைக்குள் மறைத்தாள். “எங்க கோழிக்கு” என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். எனக்குக் கோபம்கூட வந்தது. கோழி குப்பையைக் கிளறியாவது பிழைத்துக்கொள்ளும். எங்கள் பன்றிகள் எங்கே போகும்? கோழி இளைத்தால் அஞ்சலை வீட்டில் யாரும் எந்த நிலக்காரர் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. என் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

நான் முதலில் சொன்ன அந்த நாள் அதற்கு மறுநாள்தான். வரிசை முடிந்ததும் அஞ்சலை தட்டோடு வந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போடு.”

“ஒரு வாட்டிதான்.”

“ஆயம்மா போடுவாங்களே.”

“இப்ப நான்தான போடறேன்.”

அவள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அதில் இருந்ததையும் பக்கத்திலிருந்த என் வாளியையும் பார்த்தாள்.

“உங்க பன்னிக்கா எட்த்து வெக்கிற?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன்.

“ஏன், உங்க கோழிக்கு மட்டும் போடணுமா? டப்பால அமுக்கிக்கினு போறியே, நான் பாக்கலன்னு நென்ச்சியா?”

தட்டு கழுவிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் “கொக் கொக்” என்றான். இன்னொருவன் கையைச் சிறகாக அடித்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தான். “ஏய் கோழி, முட்ட போடுடி!” அஞ்சலை அழவில்லை. காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இன்னும் சிறிது நேரம் நின்றாள். நான் போடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் மிச்சத்தை வழித்து வாளியில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் வந்தாள். நான்கு நாளும் அவள் பெயர் கோழி. அதை ஆரம்பித்துவைத்தவள் என்பதால் எனக்குப் பையன்கள் மத்தியில் மதிப்பு கூடியது. மாப்பிள்ளை விசாரிப்பு நின்றது. திங்கட்கிழமை அஞ்சலை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. வரிசையில் நாற்பத்தொரு தட்டுகள் இருந்தன. ஒரு தட்டு குறைந்தால் ஒரு கரண்டி மிச்சம் என்றுதான் நான் நினைத்தேன். வேறு எதுவும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சமையல்காரம்மாவின் கை ஆறப் பல நாள் ஆயிற்று. கரண்டி திரும்ப அவர் கைக்குப் போகும்போது பன்றிகளின் முதுகில் எலும்பு தெரியவில்லை. டிசம்பர் மூன்றாம் வாரம் ஆபீசர் நாடாவோடு வந்தார். இரண்டு தடவை அளந்தார். “இன்னாப்பா போட்ட?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். அப்பா என் பக்கம் பார்க்காமல், “இருக்கிறதப் போட்டோம் சார்” என்றார். ஆண் பன்றியைப் பட்டணத்து வியாபாரி விலை கொடுத்து வண்டியில் ஏற்றிப் போனார். பெண் பன்றி எங்களுக்கு நின்றது. அப்பா அந்த நிலக்காரர் வீட்டுக்கு மறுபடி வேலைக்குப் போகவில்லை, சாகும்வரை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பச்சையில் பாவாடை எடுத்தார்கள். அதை உடுத்திக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன்.

மாசியில் பெண் பன்றி சினையாக இருந்தது. அதன் பசி இரண்டு மடங்காயிற்று. பிள்ளையார்பாளையத்தில் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். மிஞ்சும் கஞ்சியைச் சும்மாவே கொடுப்பார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் ஆளுக்கொரு குடத்தோடு நடந்து போனோம்.

மூன்றாவது வீட்டில் உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை. அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. கரை நூலைக் கொண்டுபோகும் சின்ன மரக்கட்டையை, தறிக்காரர்கள் நாடா என்பார்கள், அதைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அதற்குப் பிள்ளைகளைத்தான் வைப்பார்கள். நெய்கிறவருக்கு வலது பக்கம் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் தடவிப் பின்னியிருந்தது. கன்னம் சற்றுத் தேறியிருந்தது. என்னைப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது, நாடாவைத் தள்ளினாள்.

“எங்க பொண்ணு கூடப் படிக்குது போல” என்றாள் அம்மா, அந்த வீட்டுக்காரம்மாவிடம்.

“படிச்சுக்கினுதான்மா இருந்துது” என்றார் அவர், கஞ்சியை எங்கள் குடத்தில் சாய்த்தபடி. “இஸ்கூல்ல இப்ப ரெண்டாவது வாட்டி போட மாட்டேங்கறாங்களாம். அங்க வாங்கிக்கினு போயி தம்பிக்குக் குடுக்குமாம். இப்ப இல்லன்னு ஆனப்புறம், சோறு போடறீங்களான்னு கேட்டுக்கினு இவ அம்மா இங்க கொண்ணாந்து வுட்டுட்டா. பொண்ணு இங்க துன்னுது. சாயங்காலம் தம்பிக்கு ஒரு கிண்ணம் குட்த்து அனுப்பறோம்.”

“பாவம்” என்றாள் அம்மா.

நான் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. இன்றைக்கும் அப்படியே சொல்ல முடிகிறது. ஆனால் அப்போது என் கவனமெல்லாம் அந்தப் பானையில் இருந்தது. என் குடம் நிறையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்தது.

அஞ்சலை அந்தத் தறியில் ஏழு வருஷம் உட்கார்ந்தாள்.