இழுத்தால் எழும்பும் குமிழ்

கிட்டாரும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவளைத் தெருவே "சூட்டுக்கோல்" என்றுதான் கூப்பிட்டது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோல் இல்லாமல் அவள் கையைப் பார்த்தவர்கள் குறைவு. வாயும் அதே சூடு. அவள் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பது அக்கா ஒருத்தியிடம்தான்.

அக்கா ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தாள். சிறுவயதுக் காய்ச்சலில் இடது காது போய்விட, மற்றதை வைத்தே பெயர் வாங்கியவள். அவள் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் ஹம்பக்கர் பிக்கப் இரண்டு: கழுத்துப் பக்கம் ஒன்று, கம்பிகளைத் தாங்கும் பாலத்துப் பக்கம் ஒன்று. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பிக்கப் பேசும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து பேசும். சுவிட்ச் கரகரக்கிறது என்று தங்கையிடம் கொடுத்தபோதே எச்சரித்தாள்.

"இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்டி. உன் கைவரிசைய இதுல காட்டாத."

தங்கைக்குக் கை சும்மா இருக்குமா? சுவிட்சோடு சேர்த்து ஒரு வால்யூம் குமிழையும் மாற்றினாள். புதுக் குமிழை மேலே இழுத்தால் ஒரு பிக்கப்பின் மின்கம்பிகள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். தனியாகக் கேட்டால் வித்தியாசமே தெரியாது. சேர்த்து வைத்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிதாக ஏதோ மிஞ்சும். சில பாட்டுக்கு அதுவே அழகு. கச்சேரி முடிந்ததும் காட்டி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மேடையில், சுவிட்ச் நடுவில் இருந்தபோது, அக்காவின் சட்டைக் கை மாட்டிக் குமிழ் எழும்பியதை யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு மட்டும், மெலிந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஆம்பைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். அடுத்த பாட்டில் சுவிட்சைப் பாலத்துப் பக்கம் தள்ளியதும், தனியாகிவிட்ட பிக்கப்பின் முழுச் சத்தத்தோடு கிட்டார் அலறியது. முன்வரிசை காதைப் பொத்தியது.

பாடகர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். "ஏம்மா, காது கேக்கலையா?"

சிலர் சிரித்தார்கள்.

கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கும்போது தங்கை யாருக்கும் தெரியாமல் குமிழைக் கீழே அமுக்கினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இருந்த ஒரு காதும் போச்சுடி" என்று அழுதாள். தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிய கையே சுட்டது.

மறுநாளே அக்கா குழுவுக்குப் போன் செய்து வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாள். அப்போதும் தங்கை பக்கத்தில்தான் நின்றாள். கடையில் கோலைச் சூடேற்றுவாள், அணைப்பாள்.

ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப்போனாள். டாக்டர் சோதித்துவிட்டு, "முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்றார். அக்கா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், வெளியே வந்ததும் பெஞ்சில் சரிந்தாள்.

"அப்ப தப்பு காதுல இல்ல. எனக்கு வாசிக்கத்தான் வரல."

அதற்கு மேல் தாங்கவில்லை. தங்கை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள், குமிழை அமுக்கியது உட்பட.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "கம்பிய மாத்தினது போகட்டும். நான் அழுதப்ப தோளத் தட்டிக் குடுத்தியே, எப்படிடி மனசு வந்துச்சு?" தனியாகவே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தங்கை நேரே ஒத்திகை நடக்கும் அறைக்குப் போய், குழு மொத்தத்துக்கும் முன்னால் தன் தப்பைச் சொன்னாள். பாடகர் வீடு தேடிப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா குழுவுக்குத் திரும்பினாள். ஆனால் கிட்டாரைச் சரிசெய்ய இன்னொரு கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். கொண்டுபோகும் வேலை தங்கைக்கு.

அந்தக் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வேல சுத்தமா இருக்கேம்மா. எதுக்கு எடுக்கணும்?"

"எடுத்துடுங்கண்ணே. சாதாரணக் குமிழே போதும்."

அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்வரை, இன்னொருவர் மேசைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் சூட்டுக்கோல். அக்கா இப்போது அவளோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். கிட்டார் மட்டும் இன்றைக்கும் அந்தக் கடைக்குத்தான் போகிறது.