துண்டுக்கு அடியில் ஒரு குவார்ட்டர்பேக்

சித்தூர் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த ஜெபதாஸின் மகள் ஜெமிமாவுக்கு, காலேஜ் இரண்டாம் வருஷத்தில் ஒரு விபரீதப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது கையைப் பிடித்து விரலை அழுத்தினால் போதும், மறு கையில் இருப்பதை எறிந்துவிடுவாள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் சபைப் பெரியவர் ஒருவர் ஆசையாகக் கையைப் பற்றி இரண்டு விரலை அழுத்த, அவள் வைத்திருந்த கேக் தட்டு வலது பக்கம் பறந்து போட்டோக்காரர் மார்பில் போய்ச் சேர்ந்தது. குறி மட்டும் பிசகவில்லை.

இத்தனைக்கும் காரணம் எத்திராஜ். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். ஜெமிமாவின் காலேஜில் ஃபிளாக் ஃபுட்பால் அணி ஒன்று முளைத்து, மைதானம் இல்லாமல் தவித்தபோது, சீசன் முடிந்த மண்டிக் களத்தை இலவசமாகத் திறந்துவிட்ட புண்ணியவான். பேரில் ஃபுட்பால் இருந்தாலும் இது கையால் ஆடுகிற ஆட்டம். பந்து வைத்திருப்பவரின் இடுப்பு நாடாவை எதிரணி உருவிவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. பந்தை வாங்கி, யார் தோதாக நிற்கிறார்கள் என்று பார்த்து எறிகிறவர்தான் குவார்ட்டர்பேக். எங்கே எறிவது என்று திட்டம் போட்டுக் கொடுக்கிறவர் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அந்தப் பதவியை எத்திராஜ் தானே எடுத்துக்கொண்டு, பனியனிலும் அச்சடித்துக்கொண்டார்.

அமெரிக்க ஆட்டம் ஒன்றைப் போனில் பார்த்தபோது, அங்கே பயிற்சியாளர்கள் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள். எத்திராஜுக்கு உடனே விளங்கிவிட்டது. இது நம்ம மண்டி சமாசாரம். மண்டியில் விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தியே விலை பேசுவார்கள். படிந்துவிட்டால் துண்டை உருவி, 'அய்ப்போயிந்தி', அதாவது முடிந்தது என்று தெலுங்கில் ஊருக்கே கேட்கும்படி விலையைக் கூவுவார்கள்.

"வாயத் தொறந்தா யாவாரம் போச்சும்மா. நீ தலைய நிமுத்தாத, என் விரலப் பாரு," என்றார் முதல் நாளே.

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டோடு உள்ளே ஓடி வருவார். சுண்டு விரலை அழுத்தினால் நடுவில் சின்ன எறி. இரண்டு விரல் என்றால் வலது மூலையில் நிற்கும் ரோஜாவுக்கு. இடது மூலைக்கு விரலே கிடையாது. அங்கே நிற்கும் ஸ்ரீதேவிக்கு வருஷம் முழுக்கப் பந்தே வரவில்லை, ஆனாலும் அந்தப் பெண் தவறாமல் வந்து நின்றாள். மாவட்டத்தில் இவர்களை ஜெயிக்க ஆளில்லை. ஜெமிமாவின் கையை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவளுக்குள்தான் ஒரு பயம் அரித்தது. தனக்கு ஆட்டம் தெரியுமா, அவர் விரலுக்கு ஆடத்தான் தெரியுமா? மாநில அணிக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை.

திருப்பதியில் தேர்வு ஆட்டம். மைதானக் கோட்டுக்குள் துண்டு வரக்கூடாது என்று நடுவர் தடுத்துவிட்டார், இடைவேளைகளில் மட்டும் வெளியே பேசிக்கொள்ளலாமாம். ஜெமிமா மைதானத்தில் கையை நீட்டியபடி நின்றாள், வெறும் காற்றுதான் இருந்தது. யாருக்கு எறிவது என்று விழிப்பதற்குள் நாடாவை உருவிக்கொண்டு போனார்கள். அடுத்த சுற்றும் அதே கதைதான். தேர்வாளர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கடைசி இடைவேளை. கோட்டோரம் எத்திராஜ் துண்டை விரித்துக் காத்திருந்தார். கையை நுழைத்ததும் சுண்டு விரலை அழுத்தினார். ஜெமிமாவுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, அவருடைய இரண்டு விரலைப் பிடித்துத் திருப்பி அழுத்தினாள். எத்திராஜ் திடுக்கிட்டார். அவர் மறுபடி சுண்டு விரல், அவள் மறுபடி இரண்டு விரல். துண்டு அடியில் பாம்பு புகுந்தது போல நெளிந்தது. கடைசியில் எத்திராஜின் கை தளர்ந்து இறங்கி வந்தது.

பேரம் படிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்திராஜை யாரால் தடுக்க முடியும்? முப்பது வருஷ மண்டிப் பழக்கம், துண்டைச் சரேலென்று உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்.

"அய்ப்போயிந்தி! ரைட்டு மூல, ரோஜாவுக்கு!"

மைதானம் முழுக்கக் கேட்டது. கூவிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பந்து ஜெமிமாவின் கைக்கு வந்தது. எதிரணி மொத்தமும் ரோஜாவை மொய்த்துக்கொண்டது. எந்த விரலும் சொல்லாமல், அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஜெமிமா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். இடது மூலை காலியாகக் கிடந்தது. அங்கே ஸ்ரீதேவி நிதானமாகத் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தாள். ஜெமிமா எறிந்தாள். ஸ்ரீதேவி பயத்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி விழுந்த பிறகும் நிற்காமல் கேட் வரை ஓடினாள்.

மாநில அணிப் பட்டியலில் ஜெமிமாவின் பெயரை வாசித்தார்கள். எத்திராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே டீக்கடை ஓரம் நின்றார்.

"ரைட்டுன்னு தானே படிஞ்சுது? நீ இன்னாத்துக்கு லெஃப்ட்ல போட்ட?"

"நீங்க கூவிட்டீங்க. லெஃப்ட்ல அவங்க ஆளே இல்ல மாமா. நான் பாத்தேன்."

எத்திராஜ் துண்டை விரித்துக் கையை நீட்டினார். ஜெமிமா தயங்கிக் கையை நுழைத்தாள். அவருடைய விரல்கள் எதையும் அழுத்தவில்லை, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தன. அவள் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினாள்.

எத்திராஜ் துண்டை உருவி டீக்கடைப் பக்கம் கூவினார்.

"ரெண்டு டீ!"