தங்கத்துக்குக் கிடைத்த வசனம்

தங்கத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்தில் கல்யாண வீடு என்று ஒன்று வந்தால், மூன்றாவது வரிசையில் நீலப் புடவை கட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். சாவு வீடு என்றால் அதே பெண் சுவரோரமாக நின்று மூக்கைச் சிந்துவாள். கோயில், ஈரச்சந்தை, மருத்துவமனை, எங்கே கூட்டம் வேண்டுமோ அங்கே தங்கம். வாயைத் திறக்காமல் வந்து நின்றுவிட்டுப் போகிறவர்களை இந்த ஊரில் கேலஃபே என்பார்கள். மகன் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாக ஆரம்பித்தது இது. இப்போது அவன் கல்யாணமாகி பிடோக்கில் தனிக்குடித்தனம் இருக்கிறான். இத்தனை காலத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று தங்கத்தை யாரும் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். நிறையவே வருத்தம்.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. சாங்கி பக்கம் விமானத்துக்குச் சாப்பாடு அனுப்பும் பெரிய கிச்சன் ஒன்றில், பல்லைக் கிட்டவைக்கும் குளிரறையில் நின்றுகொண்டு தட்டுத் தட்டாக அடுக்குவாள். பயணிக்கு ஒரு ரொட்டி, ஒரு வெண்ணெய், ஒரு துண்டு கேக். போன வருடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் துரைசாமிக்கு முதுகு போனது. டாக்டர் இனி ஸ்டியரிங்கே பிடிக்கக்கூடாது என்றுவிட்டார். அன்றிலிருந்து தங்கம் தன் ஷிஃப்டோடு மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிவிடும் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கிறாள். செங்காங் வீட்டுக்குத் திரும்பும்போது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. துரைசாமி கதவைத் திறந்துவிட்டு, "ரொம்ப கஷ்டமா இருக்கா?" என்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீங்களா?" என்பாள் அவள். இந்தப் பேச்சு ஒரு நாளும் மாறியதில்லை.

இந்த நிலையில்தான் ரோஷினி கூப்பிட்டாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண், சினிமாப் பைத்தியம். ஏதோ ஒரு நாடகப் படப்பிடிப்பில் உதவிக்கு வந்திருந்தபோது தங்கத்துக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவள்.

"ஆன்ட்டி, இந்த வீக்கெண்ட் ஃப்ரீயா? ஷார்ட் ஃபில்ம் காம்பெடிஷன். ரெண்டே நாள்ல எடுத்து முடிச்சுக் குடுக்கணும். நீங்கதான் மெயின். டயலாக் இருக்கு ஆன்ட்டி."

ஃப்ரீயாவது ஒன்றாவது. ஆனால் 'டயலாக்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு தங்கத்துக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. யாரும் முன்கூட்டியே எடுத்து வைத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டிவிடக்கூடாது அல்லவா? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் குழுக்களையும் கூட்டி ஒரு பொருளையும் ஒரு வசனத்தையும் அறிவிப்பார்கள். இரண்டும் எல்லாப் படத்திலும் வந்தே ஆக வேண்டும். இந்த முறை பொருள், ஒரு சிவப்பு வாளி. வசனம், 'கவலப்படாதீங்க, நாளைக்கு எல்லாம் சரியாயிடும்.' ரோஷினி எழுதிய கதையில் வேலை போன கணவன் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பான். மனைவி வேலையிலிருந்து வந்து, வாசலில் நின்றபடியே அவனைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்வாள். படத்தில் மொத்தம் அவ்வளவுதான் பேச்சு. அது முழுக்கத் தங்கத்துக்கு.

சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்த கையோடு தூங்காமல் உட்லண்ட்ஸுக்குப் போனாள் தங்கம். படம் எடுத்த வீட்டுக்கு மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றால் மழை. மழை நின்றால் பக்கத்து வீட்டு நாய். அதே வாசல், அதே வசனம், திரும்பத் திரும்பச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஒருகட்டத்தில் அடுத்த தரம் என்று ரோஷினி கை காட்டியபோது தங்கத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "என்னால முடியல. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து ரோஷினி வந்து தண்ணீர் கொடுத்தாள். "போதும் ஆன்ட்டி. கெடச்சிடுச்சு" என்றாள். முன்னால் சொன்னதில் ஏதோ ஒன்று சரியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தங்கம்.

அடுத்த சனிக்கிழமை படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிட்டார்கள். கெர்பாவ் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டு மாடி. துரைசாமி தானே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். முதுகுப் பட்டையோடு அந்தச் செங்குத்துப் படியை அவர் ஏறி முடிப்பதற்குள் தங்கத்துக்கு உயிர் போய் வந்தது. மேலே போனதும், முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரிடம் "என் மிஸஸ் ஆக்ட் பண்ணியிருக்காங்க. பேசற ரோல்" என்றார். தங்கத்துக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவரைத் தடுக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் மனிதர் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! அவர் காதால் தன் வசனத்தைக் கேட்டுவிட வேண்டும், அது ஒன்று போதும் அவளுக்கு.

முதல் படத்தில் சிவப்பு வாளிக்குள்ளிருந்து ஒரு பேய் எழுந்து, "கவலப்படாதீங்க, நாளைக்கு எல்லாம் சரியாயிடும்" என்றது. சபை சிரித்தது. அடுத்ததில் நகைக்கடைத் திருடன் அதே வாளியில் நகையை அள்ளிக்கொண்டு கடை முதலாளியிடம் அதையே சொன்னான். அதற்கும் சிரிப்பு. மூன்றாவது படத்தில் காதலி அழும்போது ஒரு பையன் வாளியோடு வந்து நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் பின் வரிசையிலிருந்து யாரோ அந்த வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், சபைக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் வாளி தலைகாட்டினாலே மொத்த மாடியும் ஒரே குரலில் கத்தியது. படமெடுத்த பிள்ளைகளே சேர்ந்து கத்தினார்கள். துரைசாமியும் கத்தினார். தங்கம் மட்டும் கத்தவில்லை. இந்தச் சத்தத்தில் தன் குரல் எங்கே கேட்கப் போகிறது? வாழ்நாளில் ஒரு வசனம், அதையும் ஊரே சேர்ந்து பேசிவிடும் போலிருக்கிறது.

ரோஷினியின் படம் கடைசிக்கு முந்தியது. அதற்குமுன் நிகழ்ச்சி நடத்தியவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து வரும் குறும்படம் போட்டி விதிகளைப் பூர்த்தி செய்யாத காரணத்தால் பரிசுக்குப் பரிசீலிக்கப்படவில்லை. உங்கள் பார்வைக்காக மட்டும்" என்றார். தங்கம் திரும்பி ரோஷினியைத் தேடினாள். அவள் சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன விதி? வாளி இருந்ததே, வாசலில் ஒட்டடைக் குச்சியோடு வைத்திருந்தார்களே. நேரத்துக்குக் கொடுக்கவில்லையோ என்னவோ.

விளக்கு அணைந்தது. மேசையில் கவிழ்ந்த தலை. கதவு திறந்தது. திரை முழுக்கத் தங்கத்தின் முகம் வந்து நின்றது.

தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே இப்படியா கறுத்திருக்கிறது! குளிரறைத் தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே தெரிந்தது. பக்கத்தில் வாளி. திரையில் தங்கம் வாயைத் திறந்தாள். சபை ஒரே குரலில், "கவலப்படாதீங்க, நாளைக்கு எல்லாம் சரியாயிடும்!" என்று கத்தி முடித்துச் சிரித்தது. திரையிலிருந்தவள் இன்னும் பேசவில்லை. சிரிப்பு அடங்கியது. அப்புறம்தான் அவள் பேசினாள்.

"என்னால முடியல. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அலமாரியைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. படம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் அந்த மாடியின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. முதலில் ஒருவர், பிறகு பலர் கை தட்டினார்கள். துரைசாமி தட்டவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் படம் என்ன கதை என்று தங்கத்துக்குத் தெரியாது. முடிந்து எல்லோரும் எழுந்ததும் ரோஷினி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஸாரி ஆன்ட்டி. டயலாக் சொன்ன டேக்லாம் இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. ஆனா இதப் பாத்தப்புறம் அத வெக்க மனசு வரல. பிரைஸ் போனா போகட்டும்லா. எல்லாரும் உங்களப் பத்திதான் பேசறாங்க."

தங்கத்துக்குக் கோபம் வந்தது. அவளுக்கு லேசில் வராத ஒன்று.

"நடிக்கத்தானம்மா கூப்பிட்ட. நடிச்சத போட்டிருக்கணும்."

"ஆன்ட்டி, அதான் பெஸ்ட்..."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்திருக்காரு."

ரோஷினி அப்போதுதான் துரைசாமியைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. அந்தப் பெண்மேல் பழி சொல்லவும் தங்கத்துக்குத் தெம்பில்லை. "சரி விடு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

வெளியே சனிக்கிழமைக் கூட்டம். பூக்கடை வாசலில் நடக்க வழியில்லை. இருவரும் ரயில் நிலையப் பக்கமாக நடந்து, ரேஸ் கோர்ஸ் ரோட்டு சிக்னலில் நின்றார்கள்.

"அந்த வசனத்த யார் எழுதுனா?" என்று கேட்டார் துரைசாமி.

ரோஷினி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"யாரும் எழுதல. அன்னிக்கு நெசமாவே முடியல."

பச்சை விளக்கு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கடந்து போனார்கள். இவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"தெனமும் கேக்கறேன். ஒரு தடவயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. துரைசாமியும் வாய்க்கு வந்ததைச் சொல்லி மழுப்பவில்லை. பேருந்து ஒன்று போகும்வரை, அதற்குப் பின்னால் வந்த கார்களும் போகும்வரை யோசித்தார்.

"பயந்திருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்றாள் தங்கம்.