அப்பாவின் கிளாஸுக்கு ஐஸ்

கனடாவுக்கென்று அப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் கொக்குவிலை விட்டுப் புறப்பட்டார்கள். கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் பிரேசிலில் இறக்கிவிட்டு, மிச்சத்தைக் காட்டு வழியே நடக்கச் சொல்லிவிட்டான். மகராசன், அதை முதலில் சொல்லவில்லை. திரும்பி வந்தது மாமா மட்டுந்தான். கையில் ஒரு போத்தல் கரும்புச் சாராயம்.

“அத்தான் பின்னாலை வாறார் அக்கா. வழியிலை பிரிஞ்சிட்டம்.”

அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். தினமும் வாசல் கேற்றடிக்குப் போய்ப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாமா அந்தப் போத்தலைத் திறந்தார். வளவில் நின்ற எலுமிச்சையிலிருந்து தேசிக்காய் பிடுங்கி வரச் சொன்னார். நாலாக வெட்டி, நடுவிலிருந்த வெள்ளை நரம்பை எடுத்தெறிந்து, கிளாஸில் சீனியோடு போட்டு மத்தின் அடியால் மெல்ல நசித்தார்.

“கனக்க நசிச்சா தோல் கைச்சுப்போம் பிள்ளை. உன்ரை கொப்பர்தான் உதிலை விண்ணன். வழிச்செலவுக்குப் பிரேசிலிலை ஒரு பாரிலை நாள் முழுக்க உதுதான் எங்கடை வேலை.”

சாராயத்தை ஊற்றினார். ஐஸ் போட்டது நான். எனக்குச் சாராயமில்லாமல் தண்ணீர் விட்டு ஒன்று தந்தார். நல்ல குளிர்ச்சியாக இருந்தது. பிறகு இன்னொரு கிளாஸ் செய்தார்.

“இது ஆருக்கு மாமா?”

“அப்பாவுக்கு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கேற்றை அகலத் திறந்து வைத்தேன். திரும்பி வந்தபோது, மாமா கூடத்தில் தலைவாழை இலை போட்டு, அதன்மேல் அந்தக் கிளாஸை வைத்து, பக்கத்தில் விளக்கேற்றியிருந்தார். வருகிறவருக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

“உயிரோடை இருக்கிறவருக்கு ஆரடா உப்பிடிப் படைக்கிறது?”

மாமா சுவரோடு குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா கத்திய கத்தில் பக்கத்து வளவுச் சனமெல்லாம் வந்துவிட்டது. அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அதன்பிறகு அந்த வீடு ஒருநாளும் வீடாக இருக்கவில்லை.

அன்றைக்கு எனக்கோ அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அப்பா வருகிற நேரத்தில் இப்படியா அழுவது? அதற்குள் கிளாஸிலிருந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. மிஞ்சிய கட்டிகளை எடுத்து வந்து அதில் போட்டுவிட்டு, கேற்றடியில் போய் நின்றேன்.