கறுப்புப் பஞ்சு

இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றியது. சனிக்கிழமை காலை. மகள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து வாளியில் கண்ணை வைத்திருந்தாள். கால்வாசித் தண்ணீர்தான் கணக்கு. அதற்கு மேல் ஒரு குவளைகூட எடுக்க விடமாட்டாள். எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே வடிகட்டியின் பஞ்சை முக்கி, இரண்டு பிழி பிழிந்து, கறுப்பாகவே திரும்ப வைத்தாள்.

“ஆஸ்பத்திரித் துணியெல்லாம் பால் மாதிரி வெளுத்த கை. இது ஒன்ன மட்டும் இப்படி விட்டிருக்கியே.”

“அங்க கறை இருந்தா சூப்பர்வைசர் கத்துவான். இங்க கறை போனா மேனேஜர் போய்ச் சேந்துருவாருடி.”

மேனேஜர் என்பது தொட்டியின் மூத்த தங்கமீன். பதினோரு வயது. எந்த வேலையும் செய்யாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியதால் வந்த பெயர்.

அம்மா இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருந்தாள். வெளுப்பு மருந்தின் நெடி அவள் மூக்கை மொத்தமாகத் தின்றுவிட்டிருந்தது. பால் தீய்ந்தால் தெரியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் அடித்தாலும் தெரியாது. மகளுக்கோ குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஊருக்குப் போகும் குளோரினை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கலப்பவளே அவள்தான். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவிடமிருந்து போன் வரும்.

“இன்னைக்கு மருந்து எவ்வளவு?”

“அரை.”

“அப்ப தண்ணிய ஒரு நாள் வாளியில வச்சாப் போதும், மருந்து போயிடும். போன வாரம் மாதிரி ஒன்னு போட்டுத் தொலைக்காதீங்க. குடிக்கிறவன் தாங்குவான், மேனேஜர் தாங்கமாட்டாரு.”

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். சில வாரம் அதுவும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அம்மா பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் சனிக்கிழமை வீடு நிறைந்திருந்தது. யாரோ ஒருத்தி தொட்டி நாறுகிறது என்றாள். மகள் எழுந்து போய்ப் பஞ்சை உருவி எடுத்தாள். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து, அடியில் பிடித்துப் பிழிந்தாள். கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கென்று செய்ய இது ஒன்றுதான் மிச்சம் என்று பட்டது. தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. அந்த வாரம் பெரிய குழாய் உடைந்து சரிசெய்திருந்தார்கள். குளோரினை ஒன்றுக்கு ஏற்றிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் அவளேதான். அது நினைவுக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை ஐந்து மீன்களும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து இரைத்தன. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சோதனைச் சொட்டு விட்டாள். கரும்பச்சை. அம்மோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அந்த விஷத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பஞ்சின் கறுப்பில்தான் குடியிருந்தன. அவற்றைத்தான் அவள் குளோரினில் அலசிக் கொன்றிருந்தாள். மறுபடி வளர ஐந்தாறு வாரம் ஆகும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்.

“என்னக்கா ஆச்சு?” என்றான் தம்பி.

“கொன்னுட்டேன்.”

“சும்மா இரு. மீன்தானே, வேற வாங்கிக்கலாம்.”

“மேனேஜர் கடையில கிடைக்கமாட்டார்டா.”

தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாள். குளோரினை முறிக்கும் உப்பை அளந்து போட்டாள். வியாழனுக்குள் நான்கு செத்தன. மேனேஜர் மட்டும் அடியில் சாய்ந்து கிடந்தார், செவுள் ரத்தச் சிவப்பாக. இனி ஒரே வழி, நன்றாக ஓடுகிற வேறொரு தொட்டியின் பழைய பஞ்சு ஒரு துண்டு. மீன் கடைக்காரரிடம் கேட்டாள்.

“வேண்டாம்மா. என் தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் புகுந்திருக்கு. உள்ளதும் போயிடும்.”

வெள்ளிக்கிழமை மாலை தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்தார். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு தயங்கினார்.

“இதைக் கேக்கவே சங்கடமா இருக்கும்மா. கடையில புதுசா ஒரு மீன்தொட்டி வச்சேன். மூணு தடவை மீன் விட்டேன், மூணு தடவையும் செத்துப்போச்சு. அம்மாதான் சொன்னாங்க, ‘புதுப் பஞ்சு புண்ணாக்குக்குக்கூட ஆகாது, என் பஞ்சுல பாதி வெட்டித் தர்றேன்’னு. போன வாரம் புதன்கிழமையே கொண்டு வர்றேன்னாங்க. மழை பிடிச்சுக்கிச்சு, நாளைக்குப் பாக்கலாம்னு நான்தான் சொல்லிட்டேன். இப்ப எடுத்துக்கலாமா?”

மகள் தொட்டியைப் பார்த்தாள். பஞ்சு மஞ்சளாக, புதிது போல இருந்தது.

“அதுல இப்ப ஒன்னும் இல்லண்ணே,” என்றாள். “நல்லா சுத்தம் பண்ணிட்டேன்.”

அவர் போன பிறகு சமையலறை அலமாரியில் தேடினாள். மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கத்தரிக்கோல் மட்டும். மூடியில் அம்மாவின் கையெழுத்து: மருந்துக்கடை. காயவிடக் கூடாது.