க்ளெம் வெட்டிய வெள்ளக்கோடு

க்ளெம் டட்ரிட்ஜ் ஆல்டன்ரீச் துறையில் நாற்பத்தொரு வருடம் படகு ஓட்டினான். ஆட்கள், ஆடுகள், ஒருமுறை சவப்பெட்டி என எல்லாவற்றையும் அக்கரை சேர்த்தான். எதையும் ஆற்றில் விட்டதில்லை என்பது அவன் அக்கா மேவிஸின் பெருமை.

வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது தேவாலய வாசல் தூணில் கோடு வெட்டுவது அந்த ஊர்ப் படகுக்காரன் கடமை. 1947 கோடு க்ளெம் வெட்டியது. அதே நாளில் மதுக்கடைக்காரரும் தன் கதவு நிலையில் ஒரு கோடு வெட்டினார்.

இந்த மார்ச்சில் ஊர் வரலாறு எழுத வந்த பென்ரோஸ், வெள்ளம் இரண்டு வாசலையும் தொட்ட காலையில், தண்ணீரிலிருந்து இரண்டு கோடுகளுக்கும் அளந்தார். "உங்க தம்பி கோடு எட்டு அங்குலம் கூட இருக்கு, மிஸ் மேவிஸ். படகுக்காரங்க கொஞ்சம் பெரிசுபடுத்துவாங்க இல்லையா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

அவர் அளவுநாடாவின் மேல்தான் மேவிஸுக்கு முதலில் சந்தேகம். தண்ணீர் வடியுமுன், கடைக்குள் போகாமல் வெளியே நின்றே, தன் தையல் நாடாவால் அவளும் இரண்டையும் அளந்தாள். எட்டு அங்குலம்தான். பிறகு சந்தேகம் தம்பி மேல் திரும்பியது. அவனிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் அவன் பிடித்த மீனின் நீளத்தைக் கையால் காட்டியபோது அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பென்ரோஸ் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"மதுக்கடை வாசல்ல இடிச்சுக்கிட்டேன்."

மதுவைத் தொடாத மேவிஸ் அந்த வாசலுக்குள் நுழைந்தது க்ளெமின் கல்யாண விருந்தன்று மட்டும். அன்று அங்கே எடுத்த படத்தை எடுத்துப் பார்த்தாள். பென்ரோஸைவிட உயரமான க்ளெம் அந்த நிலைக்குக் கீழே நிமிர்ந்து நிற்கிறான். தலைக்கு மேல் நாலு விரல் இடம்.

க்ளெமைக் கூப்பிட்டாள். "டேய், அந்தக் கடை வாசல் ஏன்டா இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"பத்து வருஷம் முன்னாடி நிலையோட அடி உளுத்துப்போச்சு. அறுத்துட்டு இறக்கிட்டாங்க. மேல புதுச் செங்கல் தெரியுமே! நான் தினம் குனிஞ்சுதான் போறேன். ஏன்க்கா?"

நிலை இறங்கியபோது கோடும் இறங்கியிருக்கிறது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். க்ளெம் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா எங்கிட்ட கேக்கல. நீயும் சந்தேகப்பட்டியாக்கா?"

"அளந்து பார்த்தேன். அவ்வளவுதான்."

அன்று மாலையே பென்ரோஸ் அந்தப் புதுச் செங்கலைப் பார்த்துவிட்டு, படகுக்காரன் பெரிசுபடுத்தினான் என்று எழுதியிருந்த வரியை அடித்தார். மேவிஸ் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முழுக்க அடித்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தாள்.