மூன்று டஜனும் நாலும்

கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்த வயது அது. ஐந்தாம் வகுப்பு. அம்மாவோ கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். கைக்குப் பன்னிரண்டு, ஒரு டஜன். பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். பள்ளிக்கூடம் போகாதவர்கள் பாவம் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்துகிடந்தது, ஆள் பற்றவில்லை. கம்பெனிக்கு லைசென்ஸ் நாற்பது பேருக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் போர்மேன் கேட்டார் என்று, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தியையும் அன்று காலையில் அம்மா கூட்டிப்போனாள். புதுக் கொலுசு சத்தம் போட, சித்தி சிரித்துக்கொண்டே போனாள்.

மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னே வெடித்தது. பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் அதிர்ந்தது. அத்தை தலைவிரிகோலமாக வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கேட்டுக்கு முன்னால் ஊரே நின்றது. போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை. பின்னால் புகை ஏறிக்கொண்டேயிருந்தது.

தப்பி வந்தவர்களை உள்ளே வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணுகிறார்கள் என்றார்கள். சற்றைக்கெல்லாம் போர்மேன் ஒரு அட்டைப்பெட்டி மூடியில் என்னவோ எழுதி, கேட்டுக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“என்னட்டி போட்டிருக்கு? எனக்குக் கண்ணே தெரியல, படி!” என்றாள் அத்தை.

மூன்றும் பக்கத்தில் நாலும் எழுதியிருந்தது. “முப்பத்தி நாலு” என்று உரக்கப் படித்தேன். எனக்குத்தான் கணக்கு வருமே. நாற்பதில் முப்பத்தி நாலு போனால் ஆறு.

“ஐயோ, ஆறு பேரா!” என்று யாரோ அலறினார்கள். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டது. அந்த ஆறில் அம்மா இருக்கிறாளா என்று கேட்டுக் கம்பி வழியே எட்டி எட்டிப் பார்த்தேன்.

போர்மேன் கேட்டின் மேல் ஏறி நின்று கத்தினார். “முப்பத்தி நாலுன்னு எவன் சொன்னது? மூணு டஜனும் நாலும்! பொட்டிக்கு டஜன் முன்ன, சில்லறை பின்னன்னு எழுதுற மாதிரி எழுதிட்டேன். மூணு பன்னெண்டு முப்பத்தாறு, அதோட நாலு, நாப்பது! அம்புட்டுப் பேரும் வெளிய நிக்காக!”

அழுத வாயெல்லாம் சிரித்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தாள். இப்படியும் எண்ணை எழுதலாமா என்று எனக்கு ஒரே அதிசயம். பயமெல்லாம் பறந்துபோய், மூன்று டஜனும் நாலும், மூன்று டஜனும் நாலும் என்று குதித்தேன்.

அம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. என்னைப் பார்க்கவே இல்லை, நேரே போர்மேனிடம் போனாள்.

“என் தங்கச்சி எங்கய்யா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நாப்பதும் வந்தாச்சும்மா. போலீஸ் நிக்குது. கணக்கு சரியா இருக்கு.”

“அவளத்தான் நீங்க கணக்குலயே சேக்கலயே!”

அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு புகையையே பார்த்து நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“கணக்கு சரிதாம்மா. நானே கூட்டிப் பாத்துட்டேன், வா வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

அவள் அசையவில்லை. அவள் கட்டைவிரல் நாலாவது கணுவைத் தாண்டி ஐந்தாவதில் அழுந்திக் கிடந்தது. எல்லாரும் வந்த பிறகும் அம்மா இன்னும் எதை எண்ணுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.